பருத்தித் தராசில் பதினான்கு பெண்கள்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. அருப்புக்கோட்டையில் எங்கள் பருத்திக் கமிஷன் கடை வாசலில் பதினான்கு பெண்பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையில் நிற்கிறார்கள். தோடு, வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றியாகிவிட்டது.

வரிசையின் கடைசியில் ஜெரினா தலைமுடியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருக்கிறாள். போன வாரம் தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்ததால் கால் கிலோ கூடிவிட்டது என்பது அவளுடைய ஆராய்ச்சி முடிவு. அவள் எங்கள் அணியின் கோல்கீப்பர். என் வகுப்பு, என் பெஞ்ச்.

மூடை நிறுக்கும் பெரிய பிளாட்பாரத் தராசின் பக்கத்தில் கோச் சார். கையில் ஒரு நோட்டு, பச்சைப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. கழுத்து விசில், தொங்குவதற்கு இடமில்லாமல் அவருடைய தொப்பையின் மேல் படுத்திருக்கும்.

"அடுத்து" என்பார். ஒருத்தி ஏறுவாள். தராசின் இரும்புத் தட்டு காலையில் சில்லென்று இருக்கும், உள்ளங்காலில் பஞ்சுத் தூசி ஒட்டும். சார் குண்டை நகர்த்தி எண்ணைச் சத்தமாக வாசிப்பார். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா, பொதுநலன்.

அந்தப் பதினான்கில் நானும் ஒருத்தி. கூடுதலாக, கடைக்காரர் மகள்.

தராசு வந்த கதை

பெண்பிள்ளைகள் பந்து விளையாட எதற்குப் பருத்தித் தராசு என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. யார் ஏறினாலும் நாற்பது காட்டும். தலைமையாசிரியை ஏறியபோதும் நாற்பதுதான். அதன் மேல் அவருக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அடுத்து, எங்களை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார் சார். அங்கே நர்ஸம்மா, "புள்ளத்தாச்சிகளுக்கு எட பாக்கவே எனக்கு நேரமில்ல, ஒங்க புட்பாலுக்கு வேற பாக்கணுமாக்கும்" என்று விரட்டிவிட்டார்.

அப்புறம்தான் எங்கள் அப்பாவைப் பிடித்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தமிழ்நாட்டு டீமே நம்ம தராசுல ஏறித்தான் போவப்போவுது" என்று வந்த வியாபாரிகளிடமெல்லாம் சொன்னார். அது மாசி மாதம். கடை முழுக்கப் பருத்தி மூடை. மூடைகளை ஓரம் தள்ளிவிட்டு எங்களை நிறுத்தார்கள்.

அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "புள்ளைகள நிறுத்து அனுப்புறாகளே, லாரி எப்ப வருதாம்" என்று கேட்டாள்.

வெளிநாட்டுப் பெண்களும் உள்ளூர் காலிஃப்ளவரும்

சார் செல்போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு அணியின் வீடியோ பார்த்திருந்தார். அதிலிருந்து எங்களுக்கு எடை நிர்ணயித்தார். முன்வரிசைக்கு நாற்பத்தெட்டு, நடுவரிசைக்கு ஐம்பது, பின்வரிசைக்கும் கோல்கீப்பருக்கும் ஐம்பத்து நான்கு. ஒரு கிலோ கூடினாலும் டீமில் இடமில்லை. அந்த நாட்டுப் பெண்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது வீடியோவில் வரவில்லை போலும்.

சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் ஒருத்தி, "சார், ப்ரோக்கோலின்னா என்ன சார்?" என்று கேட்டாள்.

"பச்சைக் கலர் காலிஃப்ளவரும்மா."

அவள் அம்மா டவுனுக்கு வந்து சந்தை முழுக்கத் தேடி, கடைசியில் அழுகத் தொடங்கிப் பச்சை படர்ந்துபோன காலிஃப்ளவர் ஒன்றை விலை குறைத்து வாங்கிப் போனாளாம். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அந்தச் சனிக்கிழமை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தாள். சார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார். பெயர் 'பெண் சிங்கங்கள்'. சனிக்கிழமை மத்தியானம் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அதில் போடுவார். பச்சையில் எழுதப்பட்டவள் சாப்பிடலாம், சிவப்பில் எழுதப்பட்டவள் தலை குனியலாம். இரண்டு வார்த்தை குறிப்பும் இருக்கும். ஜெரினா பெயருக்கு எதிரே எப்போதும் ஒரே குறிப்பு: 'பிரியாணி குறைக்கவும்'.

ஜெரினா வீட்டில் பெருநாளுக்குப் பெருநாள்தான் பிரியாணி. மற்ற நாளில் எங்கள் வீட்டில் என்னவோ அதுதான் அங்கேயும், ரசமும் துவையலும். ஆனால் சாருக்கு அவள் பெயரைக் கேட்டாலே மசாலா வாசனை அடித்துவிடும். சார் மட்டும் பயிற்சி முடிந்த கையோடு பந்தல்குடி ரோட்டுக் கடையில் எண்ணெய் பரோட்டா நான்கு சாப்பிடுவார். விசில் ஊதுவதற்குத் தெம்பு வேண்டும்.

என் பெயர் என்றுமே பச்சைதான். இறகு மாதிரி உடம்பு என்று சார் என்னை முன்னால் நிறுத்திக் காட்டுவார். "காளீஸ்வரியப் பாருங்க, இதுதாம்மா பிளேயர் பாடி." அந்த பிளேயர் பாடி மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாராட்டை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

ஜெரினாவின் கணக்கு

ஜெரினாவுக்கு இது விளையாட்டு இல்லை. ஆனி மாதம் திருச்சுழியில் நடக்கும் போட்டியில் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதில் பெயர் வந்தால் விளையாட்டு விடுதி. விடுதி கிடைத்தால் அங்கிருந்தே கல்லூரி. கிடைக்காவிட்டால் பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று சவுதியில் டிரைவராக இருந்த அவள் அப்பா, அவள் வாயில் அத்தா, போனிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அவளுடைய எடை ஐம்பத்தாறு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். சித்திரை மாதத்துக்குள் ஐம்பத்து நான்குக்கு வந்துவிட்டாள். முதல் முறையாகப் பச்சைப் பேனா. அன்றைக்குத் தராசிலிருந்து குதித்து இறங்கி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நல்ல பலசாலி. பந்து அவள் கையில் வந்து விழுந்தால் அப்புறம் அது அவளுடையது, நடுவரே கேட்டாலும் யோசித்துத்தான் கொடுப்பாள்.

வளையம்

இப்போது எங்கள் குடும்ப ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்தியில் நான் என் பள்ளி ஆசிரியர்களைக் கேலி செய்து எழுதியதற்கு, 'உங்கள் வீட்டில் எல்லோரும் யோக்கியர்களா அம்மா' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்து.

பருத்தி சீசனில் எங்கள் கடைத் தராசின் கையில் சின்ன இரும்பு வளையம் ஒன்று மாட்டப்படும். அதை மாட்டினால் தராசு எந்த எடையையும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். சாக்கு எடைக்கு ஒரு கிலோ, தூசிக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ என்று அப்பா கணக்குச் சொல்வார். சாக்கு அரைக் கிலோ கூட இருக்காது. காய்ந்த பருத்தியில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் பல கடைகளில் இதே வழக்கம்தான்.

சீசன் முடிந்ததும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்க ஆரம்பிப்போம். அப்போது வளையத்தைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார் அப்பா. வாங்கும்போது வளையம், விற்கும்போது நேர்மை.

சார் எங்களை நிறுக்க ஆரம்பித்தது மாசியில். வளையம் கழன்றது வைகாசி முதல் வாரத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கழற்றி மாட்டியதை நானே பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். புத்தியில் ஏறவில்லை.

ஒரே வாரத்தில் இரண்டு கிலோ

மறுநாள் சனிக்கிழமை. முதலில் ஏறியவள் இரண்டு கிலோ கூடியிருந்தாள். அடுத்தவள் இரண்டரை. மூன்றாமவளும் இரண்டு. சாரின் முகம் சிவந்தது. பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிவிட்டார். நாற்பத்து நான்காக இருந்த நான் நாற்பத்தாறு ஆனேன். நான்தான் நாற்பத்தெட்டுக்குள் இருக்கிறேனே, எனக்கென்ன.

ஜெரினா ஏறினாள். ஐம்பத்தாறு.

"கூட்டமாப் போயி பரோட்டா தின்னுருக்கீங்க. எந்தக் கடை? உண்மையச் சொல்லிருங்க" என்றார் சார். கடைகளைப் பற்றி அவருக்கு நல்ல அனுபவம்.

ஜெரினா தராசிலிருந்து இறங்கவில்லை. "சார், எல்லாருக்கும் ஒரே மாதிரி ரெண்டு கிலோ எப்படி சார் ஏறும்? தராசுல என்னமோ இருக்கு சார்."

"தராசு பொய் சொல்லாதும்மா. வாயிதான் பொய் சொல்லும்." சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா காளீஸ்வரி, ஒங்கப்பா தராசு தப்பாம்ல. தப்பா?"

அந்த நிமிஷம்தான் ஆணியில் தொங்கிய வளையம் என் கண்ணில் பட்டது. எல்லாம் புரிந்துவிட்டது. பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜெரினா தட்டின் மேலேயே நின்று பார்த்தாள்.

"இல்ல சார், சரியாத்தான் இருக்கு" என்றேன்.

நான் சொன்னது சத்தியமான உண்மை. அந்தத் தராசு மாசியிலிருந்து முதல் முறையாக அன்றைக்குத்தான் சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆக மோசமான பொய் அதுதான்.

சாப்பாட்டு நேரம்

மத்தியானம் அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, சார்ட்ட சொல்லிருவமா? வளையத்தக் கழட்டுனதுனாலதான் கூடக் காட்டுதுன்னு."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என்னன்னு தாயி சொல்லுவ? மாசியில இருந்து வளையம் போட்டுத்தான் வாங்குனோம்னா?"

"ஊருக்கே தெரியும்னு சொல்லுவீகளேப்பா."

"தெரிஞ்சிருக்கது வேற. நம்ம வாயால சொல்றது வேற. நாளைக்கு எவன் வந்து நம்ம கடையில மூடைய எறக்குவான்?"

"புள்ளைக பட்டினி கெடக்குதுகங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு கிலோதானடி. கொறஞ்சா நல்லதுதான். சாரு என்ன, கெடுதலுக்கா சொல்றாக?" என்று சொல்லிவிட்டு, அப்பா இரண்டாவது தடவை சோறு போடச் சொன்னார்.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துவிட முடியாது. அவர் வாயை மூடச் சொன்னார், என் வாயை அவர் வந்து தைக்கவில்லை. விடுதிக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர் சார். எல்லோர் முன்னாலும் அவரை முட்டாளாக்கினால் என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன். இதற்குப் பெயர் பயம் என்று பிற்பாடு என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சரியான பெயர் சுயநலம்.

சவுதி ஜாக்கெட்

அதற்கப்புறம் ஐந்து சனிக்கிழமைகள். அக்னி நட்சத்திர வெயிலில், அவள் அத்தா சவுதியிலிருந்து கொண்டுவந்த குளிர்கால ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஜெரினா மைதானத்தைச் சுற்றி ஓடினாள். வெடித்துக் கிடக்கும் கரிசல் மைதானம், கால் எங்கே மாட்டும் என்று தெரியாது. வேர்த்தால் எடை குறையும் என்று சார் சொல்லியிருந்தார். அவர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு, எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்.

காலையில் ஒரு தோசை, மத்தியானம் மோர். அப்புறம் அந்தத் தோசையும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீரையும் நிறுத்தினாள், தண்ணீரும் எடைதானே. உதடு வெடித்திருந்தது. தலைவாரினால் சீப்பு நிறைய முடி வந்தது.

"ஏ புள்ள, எனக்கு ரெண்டு மாசமா வரல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். மாதவிடாய் நின்றுபோயிருந்தது. போட்டி சமயத்தில் தொந்தரவில்லை என்று இரண்டு பேருமே சந்தோஷப்பட்டோம். அவ்வளவு அறிவாளிகள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் தராசில் ஏறுமுன் என்னை ஒரு தடவை பார்ப்பாள். தைரியத்துக்காகப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் சிரிப்பேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, போட்டிக்குப் போகும் அன்று காலை, ஐம்பத்து நான்கு.

"பாத்தியா, மனசு வச்சா முடியும்" என்றார் சார். பச்சைப் பேனாவில் எழுதினார். அந்தத் தடவை ஜெரினா குதித்து இறங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

திருச்சுழி

பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். திருச்சுழி மைதானத்தில் சாமியானா போட்டு, ஆளெடுக்க வந்த மூன்று பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய முறுக்கும் பன்னும்.

முதல் பாதியில் ஜெரினா இரண்டு பந்துகளைத் தடுத்தாள். ஒன்று, வலது மூலைக்குப் போனது, உடம்பு முழுவதையும் எறிந்து விரல்நுனியால் தட்டிவிட்டாள். மூன்று பேரில் ஒருவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுதினார். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் கையுறைக்குள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"தண்ணி குடிடி. இனிமே யாரு நிறுக்கப் போறா?"

"ஆட்டம் முடியட்டும். குடிச்சா வாந்தி வருது."

இரண்டாம் பாதியில் பாதி நேரம் தாண்டியிருக்கும். எதிரணிப் பெண் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தாள். அடித்தாள் என்றுகூடச் சொல்லக்கூடாது, உருட்டிவிட்டாள். என் தம்பி கூடப் பிடிக்கிற பந்து. ஜெரினா குனிந்தாள். பிடிக்கத்தான் குனிகிறாள் என்று நினைத்தோம். குனிந்தவள் அப்படியே உட்கார்ந்தாள், அப்புறம் பக்கவாட்டில் படுத்தாள். பந்து அவள் கையைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உள்ளே போனது.

கோல் என்று நடுவர் விசில் ஊதினார். அதுவரைக்கும் யாரும் அசையவில்லை.

நான்தான் அவள் உறையைக் கழற்றினேன். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். சாமியானாப் பக்கம் சோடா வாங்க ஓடியபோது, அந்த மூன்று பேரிடம் சார் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நல்ல கீப்பர்தான் சார். ஆனா ஸ்டாமினா பத்தல. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

எழுதியவர் எழுதியதை அடித்தார்.

பிளேயர் பாடி

எங்கள் அணியிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி நான். சாருக்குப் பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்தினார்கள், நானே பூங்கொத்து கொடுத்தேன். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இவ்வளவு கம்மியா ரத்தத்த வச்சிக்கிட்டு எப்படிம்மா நடமாடுற?" என்று கேட்டார். "பிளேயர் பாடி, டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜெரினா பிளஸ் டூவோடு நின்றாள். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, எனக்குப் போட்டி இருந்தது. போட்டி இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

இன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். என் பிள்ளைகளை நான் எடை பார்ப்பதில்லை. பயிற்சி முடிந்ததும் சுண்டல் போடுகிறேன். இதைச் சொன்னால் நல்ல டீச்சர் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். எனக்கும் பச்சைப் பேனா பழக்கம் விடவில்லை.

பந்தல்குடியில்

போன பங்குனியில் அப்பா கடையை மூடினார். தராசைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். ஆணியில் கிடந்த வளையத்தை நான் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பந்தல்குடிக்கு பஸ் ஏறினேன். லாரிகள் நிற்கும் ரோட்டோரத்தில் ஜெரினாவின் தையல்கடை. உள்ளே மலை மாதிரிப் பள்ளிக்கூடச் சீருடைகள். அவள் உளுந்தவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள், அழகாக இருந்தாள். எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.

"காளி, நீ இன்னும் ஈர்க்குச்சி மாதிரியே இருக்கியேடி."

நான் உட்காரவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். தராசு, வளையம், வைகாசி, அப்பா, நான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்து, தைத்துக்கொண்டே கேட்டாள். காலர் ஒன்றை முடித்துப் பல்லால் நூலைக் கடித்தாள்.

"தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒங்க கடைத் தராசு ரெண்டு கிலோ முழுங்கும்னு யாருக்குத் தெரியாது? எங்க மாமு ஒங்க கடையிலதான பருத்தி போட்டாக. அன்னைக்கி வீட்டுல போயி சொன்ன ஒடனே அவுக சிரிச்சாக. சீசன் முடிஞ்சிருச்சு, வளையத்தக் கழட்டிருப்பாகன்னாக."

"அப்ப நீயே சார்ட்ட சொல்லிருக்கலாம்லடி?"

"சொன்னேனே, தராசு மேல நின்னுக்கிட்டு. குண்டச்சி சாக்குச் சொல்றான்னுதான நெனச்சாரு. கடைக்காரரு மக சொன்னாத்தான் எடுபடும்." அடுத்த காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். "அடுத்த வாரம் சொல்லுவ, அடுத்த வாரம் சொல்லுவன்னு ஒவ்வொரு சனிக்கெழமையும் ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன். நீ சிரிச்ச."

 பையிலிருந்து வளையத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் அதை உள்ளங்கையில் போட்டு, பந்தைப் பார்ப்பது போல இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

என் கையை விரித்து, அதைத் திரும்ப வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "எனக்கு எதுக்குடி? நீயே வச்சிக்க."